இசப்கோல்: எதிரெதிர் நோய்களுக்கு ஒரே விதை

இசப்கோலை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரவு படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி, கெட்டியாவதற்குள் மடமடவென்று குடித்துவிட்டுப் படுக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மலச்சிக்கலுக்கு நல்லது என்பதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

நான் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்ற காலத்தில் இந்தப் பொட்டலம் என்னை நிறைய யோசிக்க வைத்திருக்கிறது. மலம் போகவில்லை என்று வருகிறவருக்கும் இசப்கோல் எழுதியிருப்பார்கள். நாளைக்கு ஐந்தாறு தடவை போகிறது என்று வருகிறவர்களில் சிலருக்கும் அதையே எழுதியிருப்பார்கள். "டாக்டர் மாத்தி எழுதிட்டாரா சார்?" என்று சீட்டைத் திருப்பிக் காட்டிக் கேட்டவர்கள் உண்டு. மாற்றி எழுதவில்லை, இரண்டுக்கும் அது மருந்துதான். ஆனால் எப்படி? இறுகியதை இளக்குவதும் இளகியதை இறுக்குவதும் ஒரே பொருளால் எப்படி முடியும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்து வைத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடல் அழற்சி நோயால் அவதிப்படுகிறவர் வீட்டில் இருந்தால், கடைசிப் பகுதியை அவசியம் படியுங்கள்.

குதிரைக் காது

இசப்கோல் என்பது பாரசீகச் சொல். 'அஸ்ப்' என்றால் குதிரை, 'கோல்' என்றால் காது. விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் படகு மாதிரி வளைந்து, குதிரைக் காது போலத்தான் இருக்கும். நம் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் இஸ்கோல் விதை என்பார்கள். செடியின் தாவரவியல் பெயர் பிளாண்டாகோ ஓவாட்டா.

முழங்கால் உயரம்கூட வளராத சின்னச் செடி அது. குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் பயிராகிறது. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் விதைத்துப் பங்குனியில் அறுப்பார்கள். அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்தால் போதும், விவசாயி தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கதிரிலேயே விதை ஈரத்தை இழுத்து ஊதிக் கொட்டிப்போகும். எந்தக் குணத்துக்காக அதை மருந்தாக வாங்குகிறோமோ அந்தக் குணமே வயலில் எமனாக வந்து நிற்கிறது. குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்து ஊஞ்சா, அதற்குப் பக்கத்துச் சித்பூர் இரண்டும் இதற்கு முக்கியமான சந்தை ஊர்கள். சீரகம், சோம்பு வியாபாரத்துக்குப் பேர் போன அதே ஊஞ்சாதான்.

நாம் குடிப்பது விதையை அல்ல, அதன் மேல் உமியை. விதையின் எடையில் ஏறத்தாழ கால் பங்குதான் உமி. அந்த உமியில் இருப்பது பெரும்பாலும் ஒரு வகை மாச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட். சைலோஸ், அராபினோஸ் என்கிற இரண்டு சர்க்கரைகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்த சத்து அது. அரிசி, கோதுமையில் உள்ள மாவுச்சத்தும் கார்போஹைட்ரேட்தான். அந்தச் சங்கிலியை அறுக்கிற கத்தரிக்கோல் நம் வயிற்றில் இருக்கிறது, இந்தச் சங்கிலியை அறுக்கிற கத்தரிக்கோல் இல்லை. அதனால் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல் வரை அப்படியே போய்ச் சேருகிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

மதராஸில் அச்சான புத்தகம்

பாரசீக, அரபு மருத்துவர்களுக்கு இந்த விதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். இப்னு சீனா என்கிற அவிசென்னா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். யுனானி ஹக்கீம்கள் வழியாக இந்தியா முழுவதும் பரவியது. அவர்கள் இதை எதற்குக் கொடுத்தார்கள் தெரியுமா? வயிற்றுக் கடுப்பு, சீதபேதி, நாள்பட்ட கழிச்சல், உடம்புச் சூடு. இன்று மலச்சிக்கல் மருந்தாக மட்டும் தெரிகிற இசப்கோலுக்கு அன்று பெரிய மதிப்பு பேதி மருந்தாகத்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரர்களுக்கு இந்த நாட்டில் எதிரியின் துப்பாக்கியைவிடப் பெரிய எமன் சீதபேதி. அவர்களுடைய மருத்துவர்கள் ஹக்கீம்களும் வைத்தியர்களும் கொடுப்பதைக் கவனித்து எழுதி வைத்தார்கள். ஜான் ஃபிளெமிங் என்கிற மருத்துவர் 1810-இல் இந்திய மூலிகைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். மதராஸ் ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி 1813-இல் நம் மதராஸிலேயே ஒரு மருந்து நூலை அச்சிட்டார். சரக்குகளின் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்துக் கொடுத்த நூல் அது. அதன் விரிவான பதிப்பு 1826-இல் லண்டனில் வந்தது. இசப்கோல் பேதிக்கும் சீதபேதிக்கும் பலன் தருவதை இவர்களெல்லாம் பதிவு செய்தவர்கள். பிறகு எட்வர்ட் ஜான் வேரிங் தொகுத்து 1868-இல் வந்த 'இந்தியாவின் மருந்து நூல்' இசப்கோலை அதிகாரபூர்வ மருந்தாகவே ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் ரத்தமும் சீதமுமாகப் போனால் எல்லாம் ஒரே நோய்தான். அமீபா என்கிற கிருமியை ரஷ்யாவில் லோஷ் கண்டு சொன்னது 1875-இல். இன்னொரு வகைச் சீதபேதிக்குக் காரணமான பாக்டீரியாவை ஜப்பானில் ஷிகா கண்டுபிடித்தது 1897-இல். இந்த இரண்டும் இல்லாமல், எந்தக் கிருமியும் தெரியாமல், குடலே தன்னைத்தான் புண்ணாக்கிக்கொள்ளும் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்துப் பார்த்த கதை கொஞ்சம் விசித்திரமானது.

விஷமா, நோயா?

1859-ஆம் ஆண்டு. லண்டனுக்கு அருகே ரிச்மண்ட் என்னும் ஊரில் இசபெல்லா பேங்க்ஸ் என்கிற பெண்மணி வாந்தியும் பேதியுமாகச் சில வாரங்கள் கிடந்து மே மாதம் இறந்துபோனார். அவருடன் வாழ்ந்த தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் ஒரு மருத்துவர். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே இவரைத் திருட்டுத்தனமாக மணந்தவர். இசபெல்லா கையில் பணமும் இருந்தது. சந்தேகத்துக்கு வேறென்ன வேண்டும்? விஷம் வைத்துக் கொன்றான் என்று வழக்கு. ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர் என்கிற பெரிய நிபுணர் பாஷாணம் கண்டதாகச் சொன்னார். பிறகு அவர் சோதனைக்குப் பயன்படுத்திய பொருளிலேயே பாஷாணம் கலந்திருந்தது தெரியவந்தது. இருந்தும் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், மரண தண்டனை விதிக்கப்பட்டது. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் எதிர்ப்புக் கிளப்பவே, கொலைக் குற்றத்திலிருந்து மன்னிப்புக் கிடைத்தது. இரண்டாம் கல்யாணம் செய்த குற்றத்துக்குத்தான் கடைசியில் சிறைக்குப் போனார்.

அந்தப் பெண்மணியின் குடலைப் பார்த்து எழுதியவர் சாமுவேல் வில்க்ஸ். குடல் முழுக்கப் புண்ணும் வீக்கமுமாக இருந்தது என்று அவர் எழுதிய குறிப்பில்தான் 'அல்சரேடிவ் கொலைட்டிஸ்', அதாவது பெருங்குடல் புண் அழற்சி, என்ற பேச்சு மருத்துவத்துக்குள் வந்தது. அது அந்த நோயா, அதன் தம்பியான குரோன் நோயா என்று பிற்காலத்தவர்கள் விவாதிக்கிறார்கள். அந்தக் குரோன் நோயை நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்து 1932-இல் விவரித்தார்கள். பெருங்குடல் புண் அழற்சி பெருங்குடலின் உள்தோலோடு நிற்பது. குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரை ஆழமாகத் தாக்கலாம், குடலைச் சுருக்கி அடைக்கவும் செய்யலாம். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

பாக்டீரியா உடைத்துக் கொடுத்த மருந்து

இந்த நோய்க்கு முதல் உருப்படியான மாத்திரை ஸ்வீடனிலிருந்து வந்தது. நன்னா ஸ்வார்ட்ஸ் என்கிற பெண் மருத்துவர் மூட்டுவாதத்துக்காக ஒரு மருந்தை உருவாக்கச் செய்தார். சல்ஃபா மருந்து ஒன்றையும் ஆஸ்பிரினுக்கு உறவான ஒரு சாலிசிலேட்டையும் முடிச்சுப் போட்டுச் செய்தது. அதைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பேதி தணிந்தது. 1940-களின் தொடக்கத்தில் அதைப் பற்றி எழுதினார். அதுதான் சல்ஃபாசலசின். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலமாரியில் இருந்த பெரிய மஞ்சள் மாத்திரை.

அந்த முடிச்சை அவிழ்ப்பது நம் உடம்பு அல்ல, பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவை அவிழ்த்த பிறகுதான் மருந்து வேலை செய்கிறது. அவிழ்ந்த இரண்டில் சாலிசிலேட் துண்டுதான் புண்ணை ஆற்றுகிறது என்று 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான், ட்ரூலவ் குழுவினர் காட்டினார்கள். அந்தத் துண்டுதான் இன்று மெசலமைன் என்ற பெயரில் தனியாகக் கிடைக்கிறது.

குடலில் உள்ள கிருமிகள் எல்லாம் பகை என்றே படித்தவர்கள் நாங்கள். மருந்தையே அவைதான் தயாரித்துக் கொடுக்கின்றன என்றால், வேறு என்னவெல்லாம் தயாரிக்கின்றன என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும் அல்லவா? தோன்றியது. ஆனால் அதற்கு முன் உணவு விஷயத்தில் ஒரு பெரிய திருப்பம் நடந்தது.

சக்கையின் மரியாதை

குடல் புண் என்றால் சக்கை இல்லாத சாப்பாடு, குழைந்த சோறு, வடிகட்டிய கஞ்சி. இதுதான் நெடுங்காலப் பத்தியம். நார் என்பது குடலைப் பிராண்டும் குப்பை என்பது எண்ணம். அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் பெரிய பெயர் டெனிஸ் பர்கிட். அயர்லாந்துக்காரர், உகாண்டாவின் கம்பாலாவில் அறுவை மருத்துவராக இருந்தவர், ஒரு வகைப் புற்றுநோய்க்கே அவர் பெயர்தான். ஆப்பிரிக்கக் கிராமத்து மக்களின் மலத்தை எடை போட்டார். சாப்பிட்டது வெளியேற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார். வெள்ளை ரொட்டி தின்னும் இங்கிலாந்துக்காரரைவிட அவர்களுக்கு அளவு அதிகம், நேரம் குறைவு. மேல்நாட்டுக் குடல் நோய்கள் பலவும் அவர்களிடம் அபூர்வம். தவிட்டை உரித்து எறிந்ததுதான் மேல்நாட்டின் பிழை என்று 1970-களில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நார்ச்சத்து என்ற சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது அவராலும் அவருடைய கூட்டாளி ட்ரோவெல்லாலும்தான்.

உடனே ஒரு கேள்வி: நார்ச்சத்து குடல் புண்ணுக்கும் மருந்தாகுமா? பிரிட்டனில் டேவிஸ், ரோட்ஸ் என்ற இருவர் சோதித்து 1978-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் தணிந்திருந்த பெருங்குடல் புண் அழற்சிக்காரர்களில் ஒரு பிரிவுக்கு சல்ஃபாசலசின், இன்னொரு பிரிவுக்கு நார்ச்சத்து மிகுந்த சாப்பாடு. ஆறு மாதத்தில் சாப்பாட்டை மட்டும் நம்பியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது. மாத்திரை தெளிவாக ஜெயித்தது.

இதோடு கதை முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம், நார்ச்சத்து என்ற ஒரே பெயருக்குள் பத்து விதமான பொருள்கள் ஒளிந்திருந்தன. கோதுமைத் தவிடு தண்ணீரில் கரையாது, முரடு. இசப்கோல் தண்ணீரைக் குடித்துக் கூழாகிறது. பெயர் ஒன்றுதான், குணம் வேறு.

வெண்ணெய் வாடை

நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை அந்தக் கூழிலேயே இருக்கிறது. இறுகிய மலத்தில் அது தண்ணீரைப் பிடித்து வைத்து மென்மையாக்குகிறது. தண்ணீராய்ப் போகிற மலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்துத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்கிறது. வறண்ட இடத்தில் ஈரம், வெள்ளத்தில் அணை.

மீதிப் பாதி விடை 1980-இல் வந்தது. ரோடிகர் என்கிற ஆய்வாளர் அறுவை சிகிச்சையில் எடுத்த மனிதப் பெருங்குடலிலிருந்து உள்தோல் செல்களைப் பிரித்து, அவை எதை எரித்து உயிர் வாழ்கின்றன என்று பார்த்தார். உடம்பின் மற்ற செல்கள் ரத்தத்தில் வரும் சர்க்கரையை எரிக்கும். பெருங்குடலின் உள்தோலோ தனக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கை, ஏறத்தாழ 70 சதவீதத்தை, ரத்தத்திலிருந்து எடுக்கவில்லை. குடலுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலத்திலிருந்து எடுத்தது.

பியூட்டிரிக் அமிலம் என்ற பெயரே வெண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாள்பட்டுக் கெட்டுப்போன வெண்ணெயில் ஒரு வாடை வருமே, அந்த வாடைக்குக் காரணமான பொருள். மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கிற அதுதான் நம் பெருங்குடலின் சோறு.

பாக்டீரியாக்கள் அதை எதிலிருந்து செய்கின்றன? நாம் செரிக்க முடியாமல் அனுப்பிவைக்கும் மாச்சத்திலிருந்து. நம்மிடம் இல்லாத கத்தரிக்கோல் அவற்றிடம் இருக்கிறது. சங்கிலியை அறுத்து, மாவு புளிப்பது மாதிரி புளிக்க வைத்து, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குடல் சுவருக்குக் கொடுக்கின்றன. வீட்டில் குடியிருப்பவர்கள் கொடுக்கிற வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடல் புண் அழற்சி என்பது இந்தச் சோறு கிடைத்தும் உண்ண முடியாமல் உள்தோல் பட்டினி கிடப்பதாக இருக்குமோ என்று ரோடிகர் அதே ஆண்டு லான்செட் இதழில் கேட்டார். இன்று அந்தக் கருத்து முழு விளக்கமாக நிற்கவில்லை. பரம்பரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவது, கிருமிகளின் சேர்க்கை எல்லாம் சேர்ந்த நோய் அது. ஆனால் செரிக்காத சக்கை என்று ஒதுக்கிய பொருள் குடலின் உணவாகிறது என்ற உண்மை நிலைத்துவிட்டது.

ஸ்பெயினில் நடந்த சோதனை

இசப்கோலுக்கு வருவோம். 1991-இல் ஸ்வீடனில் ஹாலெர்ட் குழுவினர், நோய் தணிந்திருந்த பெருங்குடல் புண் அழற்சிக்காரர்களுக்கு இசப்கோல் உமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்று உபாதைகள் குறைந்தன. ஆனால் நோய் திரும்பாமல் தடுக்குமா என்பதுதானே பெரிய கேள்வி?

அதைச் சோதித்தவர்கள் ஸ்பெயின் நாட்டவர். பெர்னாண்டஸ் பன்யாரெஸ் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. மொத்தம் 105 நோயாளிகள், எல்லாருக்கும் நோய் தணிந்திருந்த நேரம். ஒரு பிரிவுக்கு இசப்கோல் விதை காலை 10 கிராம், மாலை 10 கிராம். இரண்டாவது பிரிவுக்கு மெசலமைன் மாத்திரை 500 மில்லிகிராம் மூன்று வேளை. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். ஓர் ஆண்டு முடிவில் சிகிச்சை கைவிட்டது இசப்கோல் பிரிவில் 40 சதவீதம் பேருக்கு, மாத்திரைப் பிரிவில் 35 சதவீதம் பேருக்கு, இரண்டும் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு. இசப்கோல் எடுத்தவர்களின் மலத்தில் பியூட்டிரேட் கூடியிருந்தது. ரோடிகர் சொன்ன அதே பொருள்.

இந்த எண்களைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சீட்டைத் திருப்பிக் காட்டியவர்களுக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்லலாம் என்று இருந்தது. ஆனால் மருந்துக் கடைக்காரன் புத்தி இன்னொன்றையும் பார்க்கச் சொன்னது. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்த சோதனை அது. ஆள்களும் அதிகமில்லை. எல்லாரும் நோய் அடங்கியிருந்தவர்கள், ரத்தம் போய்க்கொண்டிருந்தவர்கள் யாருமில்லை. இசப்கோலை மட்டும் நம்பியவர்களில் ஐந்தில் இரண்டு பேரை அது காப்பாற்றவில்லை என்பதும் அதே எண்தான் சொல்கிறது.

எல்லாத் தாவரச் சத்தும் தாயல்ல

செடியிலிருந்து வந்ததென்றால் கெடுதல் செய்யாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு எதிராக ஒரு கதை சொல்கிறேன். அயர்லாந்தின் கடற்கரையில் காரகீன் என்று ஒரு பாசி உண்டு. அதைக் காய்ச்சிக் கஞ்சியாக இருமலுக்கும் வயிற்றுக்கும் குடிப்பது அவர்கள் பாட்டி வைத்தியம். அந்தக் கடற்பாசி இனத்தின் மாச்சத்துக்குக் காரகீனன் என்று பெயர். அதை உடைத்துச் சிறு துண்டுகளாக்கிய வடிவத்தைத் தண்ணீரில் கலந்து கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தார்கள், லிவர்பூலைச் சேர்ந்த மார்க்கஸ், வாட் இருவரும். அவற்றின் பெருங்குடலில் புண் உண்டானது. 1969-இல் வெளியான செய்தி. விலங்குகளிடம் இந்த நோயை உண்டாக்கிப் பார்க்க ஆய்வாளர்கள் பிறகு அதையே பயன்படுத்தினார்கள். இசப்கோலும் தாவர மாச்சத்து, இதுவும் தாவர மாச்சத்து. ஒன்று ஆற்றுகிறது, ஒன்று அறுக்கிறது.

வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற சத்தும் குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்த தீனி. அந்த வகைச் சத்தைக் குரோன் நோயாளிகள் 103 பேரிடம் பிரிட்டனில் சோதித்து 2011-இல் எழுதினார்கள். நோய் குறையவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2022-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அழற்சி மும்முரமாக இருக்கும் சிலருடைய குடலில் இந்தச் சத்தைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களே குறைந்துபோயிருக்கும். அப்போது புளிக்காமல் கிடக்கும் சத்து அழற்சியைத் தூண்டிவிடக்கூடும் என்று காட்டினார்கள். சமைக்க ஆள் இல்லாத வீட்டில் அரிசி மூட்டையை இறக்கினால் யாருக்குப் பசி தீரும்?

கற்றாழையைப் பற்றியும் கேட்பார்கள். அதன் சோற்றிலும் ஒரு மாச்சத்து உண்டு. லண்டனில் 44 பேரிடம் செய்து 2004-இல் வந்த சிறு சோதனையில், கற்றாழைச் சாறு குடித்த 30 பேரில் 9 பேருக்கும், வெறும் சாறு குடித்த 14 பேரில் ஒருவருக்கும் நோய் அடங்கியது. நம்பிக்கை தருவதுதான், ஆனால் சின்னச் சோதனை. அதே கற்றாழையின் தோலடியில் வரும் மஞ்சள் பால்தான் மூசாம்பரம், கடும் பேதி மருந்து. புண்ணான குடலுக்கு அது ஆகாது.

நம் பக்கத்தில்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் இதே அறிவைக் காலராவுக்குத் திருப்பினார்கள். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் ஒரு வகைச் சோள மாவுச்சத்தை உப்பு, சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் சேர்த்தார்கள். காலரா நோயாளிகள் 48 பேரிடம் செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சாதாரணக் கரைசல் குடித்தவர்களைவிட இதைக் குடித்தவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. காலரா வேறு நோய்தான். ஆனால் பாக்டீரியா செய்யும் அமிலம் பெருங்குடலை உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச வைக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

சோறு வடித்து ஆறிய பின் அதிலும் இப்படிச் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராயத் தொடங்கினார்கள், அரசும் பணம் ஒதுக்கியது. காலையில் நீராகாரம் குடித்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு சந்தோஷம் இல்லாமல் இருக்குமா?

மாத்திரையோடா, மாத்திரைக்குப் பதிலா?

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் வீட்டிலேயே இருந்தது. என் அக்காவின் பேரனுக்கு 24 வயதில் பெருங்குடல் புண் அழற்சி வந்தது. பத்துக் கிலோ இளைத்துப் போனான். மாத்திரையில் அடங்கி ஒரு வருஷம் நன்றாக இருந்தான். பிறகு போனில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவன் அம்மா என்னிடம் வந்தாள்.

"மாமா, மாத்திரையே வேண்டாமாம். இசப்கோலும் கத்தாழையும் போதுமாம். வெளிநாட்டுலயே நிரூபிச்சுட்டாங்களாம். சின்னப் பையன், எத்தனை வருஷம்தான் மாத்திரை முழுங்குவான்?"

அவன் பேசாமல் நின்றான். பிறகு, "நீங்க சொல்லுங்க தாத்தா. நிறுத்திடவா?" என்றான்.

வெளிநாட்டில் நிரூபித்தார்கள் என்பது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சங்கடம். முழுப் பொய்யென்றால் ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். ஸ்பெயின் நாட்டுக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். 40, 35, 30. "இதில் நீ எங்கே இருக்க ஆசைப்படுவே?" என்று கேட்டேன். கடைசி எண்ணைக் காட்டினான். "அது ரெண்டையும் சேர்த்து எடுத்தவங்க கணக்குடா" என்றேன். ஆள்கள் குறைவு என்பதால் 40-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொன்னேன். ஆனால் மாத்திரையை நிறுத்து என்று அந்த ஆய்வில் ஒரு வரிகூட இல்லை. அழற்சி அடங்காமல் ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கு வாசல் திறக்கும் என்பதையும் அவன் அம்மா எதிரிலேயே சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் அவனுடைய குடல் நோய் மருத்துவரிடம் மூவருமாகப் போனோம். அவர் சிரித்துவிட்டு, "தாராளமாகச் சாப்பிடட்டும், மாத்திரையும் தொடரட்டும்" என்றார். நாலு வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை நோய் திரும்பியது, அப்போது உமியை நிறுத்திவிட்டு வேறு மருந்து கொடுத்து அடக்கினார்கள். இப்போது வேலைக்குப் போகிறான். இசப்கோலால் மட்டும் இப்படி இருக்கிறான் என்று நான் சொல்ல மாட்டேன். அவனும் சொல்வதில்லை.

வீட்டில் இந்த நோய் உள்ளவர்களுக்கு மருந்தாளுநராக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இசப்கோலை நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், உலர்ந்த உமியை வாயில் போட்டால் தொண்டையிலேயே ஊதி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் ஓரிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மருந்தையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். குரோன் நோயில் குடல் சுருங்கியிருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, அடைப்பில் கொண்டுபோய் விடும். நோய் மும்முரமாக இருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஹக்கீம்கள் காரணம் தெரியாமலே சரியாகக் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிய ஆயிரம் ஆண்டு ஆயிற்று. எவ்வளவு உதவும், யாருக்கு உதவும் என்ற கணக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கணக்கு முடிகிறவரை பொட்டலம் மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மாத்திரை டப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டாம்.